இடது கைக்காரர் கை மாற்றத் தேவையில்லை

"இடது கைக்காரர் பிஸ்டலை வலது கைக்கு மாற்றினால்தான் மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டியை) கழற்ற முடியும்" என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அது தவறு தம்பி. நானும் இடது கைதான். பணியில் இருந்தபோது 13 தோட்டா கொள்ளும் 9 எம்எம் பிஸ்டலில் பழகியவன். மேகசின் பொத்தான் இடப்பக்கம் இருக்கிறது, சரி. வலது கைக்காரர் கட்டைவிரலால் அழுத்துவதை நாம் ஆள்காட்டி விரல் நுனியால் அழுத்துகிறோம். அந்த நேரத்தில் அந்த விரல் டிரிக்கரில் இருக்கவே கூடாது. புது மேகசினை வலது கையால் ஏற்றியதும், அதே கையால் ஸ்லைடின் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) பின்பகுதியை மேலிருந்து பற்றி, முழுக்க இழுத்து விட்டால் போதும். உச்சிப்புளிக் கரையில் உப்புக்காற்றில் கை பிசுபிசுக்கும்போது, ஸ்லைடை விடுவிக்கும் சின்ன நெம்புகோலை விரலால் தேடுவதைவிட இதுதான் கைகொடுக்கும். அப்புறம், 2010இல் வந்த நான்காம் தலைமுறை க்ளாக் பிஸ்டலில் அந்தப் பொத்தானை வலப்பக்கத்துக்கே மாற்றிக்கொள்ளலாம்.