மண்டபம் பக்கத்திலாவது நடக்க விடுங்கள்

பழைய பாம்பன் ரயில் பாலத்தைப் பிரித்து எடுப்பதுதான் வழி என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு மனசு ஒப்பவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றின் மேல் உள்ள பொகிப்சி பாலத்தில் நடந்தேன். 1889-இல் ரயிலுக்காகக் கட்டியது. 1974-இல் தீப்பிடித்து ரயில் நின்றுபோனது. பல வருஷம் சும்மா கிடந்ததை உள்ளூர் மக்கள் விடாமல் முயன்று, மேலே கான்கிரீட் பலகை பதித்து, 2009-இல் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் திறந்துவிட்டார்கள். நீளம் சுமார் 2 கிலோமீட்டர், நம் பாம்பன் பாலத்தின் அளவேதான்! சக்கர நாற்காலியில்கூட வருகிறார்கள்.

சரி, அது ஆறு. இங்கே உப்புக் காற்று இரும்பை அரிக்கும். 1914 முதல் நிற்கும் பாலம், பாதுகாப்பு கருதித்தான் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். ஆனால் ரயிலைத் தாங்காத பாலம் மனிதரையும் தாங்காது என்று சோதிக்காமலே எப்படி முடிவு கட்டுவது? கப்பல் போகத் திறக்கும் பகுதியை விட்டுவிட்டு, மண்டபம் பக்கமிருந்து அதுவரை நடைபாதை போட்டால் போதும். காற்று பலமாக அடித்தால் மூடிவிடலாம், ரயிலுக்கே அப்படித்தானே செய்தார்கள். இப்போது கடலைப் பார்க்க வருகிறவர்கள் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பஸ்ஸும் லாரியும் உரசிப் போக, கைக்குழந்தையோடு ஓரத்தில் நிற்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.