2016 மட்டும்தான் லெஸ்டரா?

இங்கிலாந்துக் கால்பந்து அணியான லெஸ்டர் சிட்டி 2016-இல் அந்நாட்டின் முதல் நிலை லீகான பிரீமியர் லீகில் பட்டம் வென்றது ஒரு விபத்து, இப்போது இருக்கும் நிலைதான் அதன் உண்மையான இடம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. லெஸ்டர் ரசிகனாக இதை ஏற்க முடியவில்லை.

விபத்து என்றால், 2019-20, 2020-21 இரண்டு சீசனிலும் ஐந்தாம் இடம் வந்தது எப்படி? இரண்டு முறையும் கடைசி நாளில்தான் முதல் நான்கு இடங்களுக்குக் கிடைக்கும் சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டி) வாய்ப்பு கைநழுவியது. செல்சியை வென்று நாங்கள் எடுத்த 2021 எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்தின் நாக்-அவுட் கோப்பை) இறுதிப் போட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தூரத்திலிருந்து எங்கள் டீலமன்ஸ் அடித்த பந்து மேல் மூலையில் போய் விழுந்தது. ஆட்டம் முடியும் நேரத்தில் செல்சி சமன் செய்துவிட்டது என்று நெஞ்சு அடைத்துப் போனது. செல்சியின் சில்வெல் மயிரிழையில் ஆஃப்சைடு என்று வீடியோ நடுவர் சொன்ன பிறகுதான் மூச்சே வந்தது. (சில்வெல் எங்கள் பழைய ஆள் என்பது தனிக் கூத்து.)

சரிவும் உண்மைதான், மறைக்கவில்லை. 2023-இல் இரண்டாம் நிலை லீகுக்கு இறங்கினோம், 2024-இல் ஏறினோம், ஏற்றிவிட்ட பயிற்சியாளர் மரெஸ்கா உடனே செல்சிக்குப் போய்விட்டார், 2025-இல் மறுபடி இறங்கினோம். அந்த சீசனில் டிசம்பர் பாதியிலிருந்து மே வரை சொந்த மைதானத்தில் ஒரு லீக் கோல்கூட இல்லை! அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று கட்டுரையாளருக்குத் தெரியுமா?

அப்புறம், எங்கள் முன்கள வீரர் வார்டியைப் பற்றி கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே. லெஸ்டருக்கான 500-ஆவது ஆட்டத்தில் 200-ஆவது கோலை அடித்துவிட்டு விடைபெற்றவர் அவர். அதையாவது சேர்த்திருக்கலாம்.