மங்கு இருந்த இடத்தில் குடம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசகர் வட்டம் இளையோருக்காக நடத்திய சிறுகதைப் போட்டிக்கு நடுவராக இருந்ததால், மூன்று வாரங்களாகக் கதைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அவற்றுள் ஒன்று இப்படித் தொடங்கியது: "மதிய வெயிலில் ரப்பர் மரத்தைத் துளையிட்டு, வழிந்த பாலைக் குடத்தில் நிரப்பினாள்." தோட்டத்தில் வாழ்ந்த எவரும் இந்த வரியை எழுத மாட்டார்கள். பால்மரத்தை யாரும் துளையிடுவதில்லை, பட்டையைச் சீவுவார்கள். அதுவும் கருக்கலில், தலைவிளக்கு வெளிச்சத்தில். வெயில் ஏற ஏற மரத்தினுள் நீரழுத்தம் தளர்ந்து பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால்தான் நம் தாய்மார்கள் கருக்கலிலேயே பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடினார்கள். பால் வடிவது மங்கு என்னும் சிறு கிண்ணத்தில், சேர்ப்பது வாளியில். குடம் தண்ணீருக்கு உரியது.

எழுதிய பெண்ணை அழைத்துக் கேட்டோம். கணினியிடம் கேட்டு எழுதியதாக மறைக்காமல் ஒப்புக்கொண்டாள். உடன் இருந்த நடுவர்கள் இருவரும், இனிமேல் கணினியின் கை பட்ட எதையும் ஏற்கக் கூடாது என்று விதி எழுத வேண்டும் என்றார்கள். அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த விதியோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கணினியைக் கொண்டு எழுதும் முயற்சி நேற்று முளைத்ததன்று. 1952-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினிக்குக் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி எழுதிய நிரல், சொற்பட்டியல்களிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுப்பதைப் போலச் சொற்களை எடுத்துக் காதல் கடிதங்களைக் கோத்தது. 1959-இல் ஜெர்மனியில் தியோ லூட்ஸ், காஃப்காவின் நாவல் ஒன்றிலிருந்து பொறுக்கிய சொற்களைக் கொடுத்துக் கணினியை வாக்கியம் அமைக்க வைத்தார். அந்த இரண்டிலும் சொற்களைத் தேர்ந்து கொடுத்தவர் யார் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய மென்பொருள் அப்படியன்று. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவதற்கு வாய்ப்பு மிகுதி என்று கணித்து எழுதுகிறது. ஆகவே பலர் எழுதிய சொல் அதற்கு எளிதில் வாய்க்கிறது. சிலர் மட்டும் புழங்கிய சொல் பின்தங்கிவிடுகிறது. மங்கு இருக்க வேண்டிய இடத்தில் குடம் வந்தது இதனால்தான் என்று நான் நினைக்கிறேன். நம் தோட்டத்து இலக்கியமோ அந்தச் சிலர் புழங்கிய சொற்களில்தான் உயிரோடு இருக்கிறது. 'நிரை' என்றால் மென்பொருளுக்கு யாப்பின் நிரையசை நினைவுக்கு வரலாம். எங்களுக்கு அது ஒருவர் ஒரு நாளில் சீவி முடிக்க வேண்டிய மரவரிசை.

விதிகளுக்குள் அடங்கும் வேலையைக் கணினி நன்றாகவே செய்கிறது. வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளுள் ஒன்றில் முடிகிறதா என்று பார்க்க 'அவலோகிதம்' மென்பொருளை நானே பயன்படுத்துகிறேன். தளை தட்டும் இடத்தை அது காட்டிக் கொடுத்ததற்காக நான் வெட்கப்பட்டதில்லை. 2024-இல் ஜப்பானின் அகுதாகாவா பரிசைப் பெற்ற ரியே குதான், தம் நாவலில் ஏறத்தாழ 5 விழுக்காடு செயற்கை நுண்ணறிவு தந்த வாசகம் என்று தாமே அறிவித்தார். எனக்கு அந்த விழுக்காட்டைவிட, அவர் அதை வெளிப்படையாகச் சொன்னதே பெரிதாகப் படுகிறது.

ஆகவே அடுத்த ஆண்டுக்கு நான் முன்வைக்கும் விதி வேறு. உதவி பெற்றவர் அதை எழுதித் தர வேண்டும். கதையில் எந்தச் சொல்லைத் தொட்டுக் கேட்டாலும், அது ஏன் அங்கே இருக்கிறது என்று நடுவர் முன் விளக்க வேண்டும். கையால் எழுதியவருக்கும் இதே விதிதான்.

நம்மிடமும் குறை உண்டு. 1985-இலேயே முரசு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர். தமிழைத் தட்டச்சு செய்ய வழி நம் வீட்டிலேயே பிறந்திருந்தும், தோட்டத்துப் பேச்சை நாம் தட்டச்சு செய்து வைக்கவில்லை. ஞாயிறு பதிப்புகளிலும் பள்ளி ஆண்டு மலர்களிலும் வந்த கதைகள் பரணில் கரையானுக்கு இரையாகின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிந்து, சனங்கள் பட்டணத்துக்குப் போனபோது சொற்களும் சிதறிப்போயின.

அந்தப் பெண் கதையை எடுத்துக்கொண்டு தன் பாட்டியிடம் போனாள். முப்பது ஆண்டுகள் மரம் சீவிய அந்த அம்மா முதல் வரியிலேயே நிறுத்தி, "கொடத்த எங்கடி வெச்சி பால எடுத்தா?" என்று கேட்டாராம். பிறகு, முதல் நாள் கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்த பின்னரே கத்தியை வைக்க வேண்டும் என்பதை விரலால் காற்றில் சீவிக் காட்டியிருக்கிறார். அந்த விரலசைவு இப்போது கதையின் தொடக்கமாகிவிட்டது. போட்டி முடிவை மாற்ற இயலவில்லை என்றாலும், திருத்திய கதை எங்கள் தொகுப்பில் வருகிறது. அதன் அடியில் அவளே ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "முதல் வரைவு கணினியின் உதவியோடு எழுதியது, தோட்டச் சொற்கள் பாட்டி சொன்னவை."