லிஸ்பனில் மதியச் சாப்பாடு

ஐரோப்பா போய் வந்த சொந்தக்காரர்கள் யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான். பெட்டியில் பாதி இடத்தை ரெடிமேட் உப்புமாவும் புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் அடைத்துக்கொள்ளும். அங்கே போய்க் காலையில் ரொட்டியும் ஜாமும், மதியம் பர்கர், இரவு ஓட்டல் அறையில் வெந்நீர் ஊற்றிய நூடுல்ஸ். "வெளியில உட்கார்ந்து சாப்பிட்டா ஆளுக்கு மூவாயிரம் ஆகுது" என்பார்கள். விமானத்துக்கு அவ்வளவு கொட்டிக் கொடுத்துவிட்டு, அந்த ஊர்ச் சாப்பாட்டை ருசி பார்க்காமல் திரும்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. கையில் காசு குறைவாக இருந்தாலும் அங்கே நன்றாகவே சாப்பிடலாம். போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் அம்மாவோடு எட்டு நாள் இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அம்மா தூத்துக்குடிக்காரி. மாட்டுக்கறி, பன்றிக்கறி தொடமாட்டாள். மீன் இல்லாமல் இரண்டு நாள் தாண்டாது.

முதல் நாள் இரவு பைஷா பகுதியில், படம் போட்ட மெனு அட்டையோடு வாசலில் நின்று கூப்பிட்ட ஒருவரை நம்பி உள்ளே போனோம். உட்கார்ந்ததுமே ரொட்டி, ஆலிவ் காய், வெண்ணெய், கொஞ்சம் சீஸ் எல்லாம் மேசைக்கு வந்தன. நாங்கள் எதுவும் கேட்கவில்லை. உபசரிப்பு என்று நினைத்துச் சாப்பிட்டோம். பில் 61 யூரோ, அதில் அந்த ரொட்டித் தட்டுக்கு மட்டும் 9. ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்த அம்மாவுக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

அந்தத் தட்டுக்குக் கூவேர் என்று பெயர். போர்ச்சுகல் முழுக்க உள்ள வழக்கம் அது. கேட்காமல் வைத்ததைத் தொடாமல் விட்டால் அதற்குக் காசு வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. வேண்டாம் என்று கையால் காட்டினால் போதும், எடுத்துப் போய்விடுவார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. போகும் முன்பே இதை யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

மறுநாள் நாங்கள் தங்கியிருந்த கிராசா மேட்டில் வீட்டுக்காரம்மாவிடம், "நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டேன். இரண்டு தெரு தள்ளி ஒரு தாஷ்காவைக் காட்டினார். தாஷ்கா என்றால் சின்னச் சாப்பாட்டுக் கடை. பெரும்பாலும் ஒரு குடும்பமே நடத்தும். கண்ணாடியில் கையால் எழுதி ஒட்டிய ஒரு காகிதம்தான் மெனு. மேசை மேல் விரிப்புக்குப் பதில் காகிதம். மூலையில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். பெயிண்ட் அடிப்பவர்கள், பக்கத்து வங்கி ஊழியர்கள், தனியாக வரும் வயதானவர்கள் என்று பன்னிரண்டரைக்கே நிரம்பிவிடும்.

அந்தக் காகிதத்தில் "பிராத்து து தியா" என்று இருக்கும், அன்றைய சாப்பாடு. நாங்கள் போன கடைகளில் சூப்பிலிருந்து கடைசிக் காப்பி வரை சேர்த்து 10, 11 யூரோதான். அதெப்படி முடிகிறது என்றால், நம்மூர் மதிய மீல்ஸ் போலத்தான். இரண்டு மூன்று பதார்த்தங்களை மட்டும் பெரிய பாத்திரத்தில் சமைக்கிறார்கள். வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் சீக்கிரம் சாப்பிட்டு எழுந்துவிடுவதால் ஒரு மேசையில் இரண்டு மூன்று பந்தி போடலாம். அதே கடையில் இரவு போய் உட்கார்ந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சமைத்துத் தருவார்கள், விலையும் ஏறிவிடும். ஆகவே வயிறு நிறையச் சாப்பிடும் வேளையை மதியத்துக்கு மாற்றிக்கொண்டோம். இரவுக்குச் சூப்பும் ரொட்டியும் பழமும் போதுமாக இருந்தன. அளவும் பெரிது. இரண்டு பேர் இருந்தால், ஒரு முழுத் தட்டே போதுமா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பல கடைகளில் "மெய்யா தோஸ்" என்று பாதி அளவும் கிடைக்கும்.

கடைக்காரர் காலியான இடத்தைக் காட்டி "மேசா" என்றதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாம் சொல்லும் மேசை என்ற சொல்தான் அது, போர்ச்சுக்கீசியரிடமிருந்து நமக்கு வந்தது. ரொட்டிக்கு அவர்கள் சொல்லும் சொல்தான் ஈழத்தில் பாண் என்று வழங்குகிறது.

தாஷ்காவில் முதல் நாள் வந்தது பக்கல்யாவ். நோர்வே, ஐஸ்லாந்து பக்கத்துக் கடலில் பிடித்து உப்புப் போட்டுக் காயவைத்த காட் மீன். பலசரக்குக் கடைகளில் பலகை பலகையாக அடுக்கியிருப்பார்கள், வாசலிலேயே கருவாட்டு வாசம் வரும். அதை ஊறவைத்து, பிய்த்து, குச்சி குச்சியாய் வறுத்த உருளைக்கிழங்கோடு முட்டை ஊற்றிக் கிளறித் தந்தார்கள். "ஏட்டி, இது கருவாட்டுப் பொடிமாஸ்" என்று அம்மா தட்டைத் துடைத்துவிட்டாள்.

அப்புறம் சாளை, மத்தி என்பார்களே அதுதான். ஜூனில் புனித அந்தோனியார் திருவிழா, 12ஆம் தேதி இரவு ஊரே தெருவில் இருக்கிறது. அல்பாமா என்ற பகுதியின் சந்துகளில் வீட்டு வாசலில் அடுப்பு வைத்துக் கல்லுப்பு தூவிச் சாளையைச் சுடுகிறார்கள். ஒரு ரொட்டித் துண்டின் மேல் மீனை வைத்துத் தருவார்கள். மீன் நெய் இறங்கி ஊறிய அந்த ரொட்டியைக் கடைசியில் சாப்பிட வேண்டும். அதற்கு ஈடான ஒன்றை எந்தப் பெரிய ஓட்டலிலும் நான் சாப்பிட்டதில்லை. மசாலா எதுவும் இல்லை. முள்ளெடுக்கக் கை போதும், அம்மாவுக்குக் கற்றுத்தரவும் வேண்டியிருக்கவில்லை.

சைவர்களுக்கு லிஸ்பன் தாஷ்காக்கள் கொஞ்சம் கஷ்டம்தான். கால்து வெர்து என்ற கீரைச் சூப் அருமையானது. ஆனால் அதில் பன்றி இறைச்சித் தொத்திறைச்சி ஒரு துண்டு மிதக்கும், அது இல்லாமல் கேட்டு வாங்க வேண்டும். "தோட்டத்து மீன்குஞ்சு" என்று அவர்கள் பெயர் வைத்திருப்பது பீன்ஸ் பஜ்ஜி. போர்ச்சுக்கீசியர்கள் கொண்டுபோன இதிலிருந்துதான் ஜப்பானின் டெம்புரா பிறந்தது என்பார்கள். மார்த்தீம் மொனீஸ் பக்கம் வங்காளதேசத்தவர் கடைகளில் அரிசி, பருப்பு, பச்சை மிளகாய் எல்லாம் கிடைக்கும். சமையலறை உள்ள அறை எடுத்தால் கவலையில்லை.

காப்பியை நின்றபடி குடியுங்கள். அங்கே பீக்கா என்றால் சின்னக் கப்பில் தரும் கடுங்காப்பி. கவுன்டரில் ஒரு யூரோவை ஒட்டிய அதற்கு வெளியே நாற்காலி போட்ட இடத்தில் அதிகம் கேட்பார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம்.

பஷ்டெல் த நாத்தா என்ற முட்டை கஸ்டர்டு வைத்துச் சுட்ட சின்ன இனிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. லிஸ்பனின் பெலேங் பகுதியில் 1837 முதல் விற்கிறார்கள். மடங்களில் துணிக்குக் கஞ்சி போட வெள்ளைக்கருவை எடுத்துவிட்டு, மிஞ்சிய மஞ்சள் கருவில் இனிப்புகள் செய்யத் தொடங்கினார்கள் என்று சொல்வார்கள். அம்மா இதைக் கேட்டுவிட்டு, "நம்ம மக்ரூனுக்கு வெள்ளைக்கருவும் முந்திரியும் தானே" என்றாள். ஒரு பெட்டியில் ஆறு வாங்கிக்கொண்டு தேஜு ஆற்றைப் படகில் கடந்து கசீல்யாஷ் போகும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

வாடகை ஏறுவதால் பழைய தாஷ்காக்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. கிராசாவிலேயே இரண்டு பூட்டிய கதவுகளை வீட்டுக்காரம்மா காட்டினார். நாம் கொடுக்கும் 10 யூரோ அந்த அடுப்பு எரிவதற்குப் போகட்டும் என்பதும் நான் இதை எழுதக் காரணம்.

எட்டு நாளில் எங்கள் இருவருக்கும் சாப்பாட்டுக்கு ஆன செலவு, அந்த முதல் இரவையும் சேர்த்து, 310 யூரோ. ஜூனில் யாராவது போவதாக இருந்தால் சொல்லுங்கள், அந்தத் தெருவுக்கு வழி அனுப்புகிறேன்.