உடைஞ்ச டை ராடைப் பழைய இரும்புக்குப் போட்டுறாதீங்க

கம்பம்மெட்டு ரோட்டிலோ குமுளி ஏத்தத்திலோ ஒரு பிக்கப் கவிழ்ந்துவிட்டது என்று சேதி வந்தால், அடுத்த அஞ்சு நிமிஷத்தில் டீக்கடையில் தீர்ப்பு வாசித்துவிடுவார்கள். "கண் அசந்திருப்பான்." "ஓவர் லோடு." "போனை நோண்டிக்கிட்டே ஓட்டியிருப்பான்." டிரைவர் பிழைத்துக் கிடந்து, "ஸ்டியரிங் கையில சும்மா சுத்துச்சுண்ணே" என்று சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. மாட்டிக்கொண்டவன் வேறு என்ன சொல்வான் என்று சிரிக்கிறார்கள்.

இந்தத் தீர்ப்பின் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே எரிச்சல். கம்பத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி அனுப்புகிற தொழில் எனக்கு. எங்கள் ஆட்கள் மெட்டு ஏறி இறங்காத நாள் கிடையாது. எல்லா விபத்துக்கும் டிரைவர்தான் காரணம் என்றால், வண்டி செய்கிறவனும் அதற்கு எஃப்.சி. (ரோட்டில் ஓடத் தகுதி உண்டு என்ற சான்று) கொடுக்கிறவனும் கடவுளா?

என் தங்கச்சி வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு பிக்கப் வைத்து ஓட்டுகிறார். போன மழைக்காலத்தில் கட்டப்பனையில் லோடு இறக்கிவிட்டு, காலிப் பெட்டிகளோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். ஒரு வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தார். ஸ்டியரிங் திரும்பியது, வீல் திரும்பவில்லை. ஸ்டியரிங் திரும்புவதை வீலுக்குக் கொண்டுபோகிற டை ராடு என்ற இரும்புக் கம்பி முறிந்திருந்தது. வண்டி மலைப்பக்க ஓடையில் போய் இடித்து நின்றது. எதிர்ப் பக்கம் போயிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

சர்வீஸ் சென்டரில் அப்போது நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"ஓவர் லோடு சார். அதான் டை ராடு போயிருக்கு."

"லோடு இறக்கிட்டு வந்த வண்டி தம்பி. பெட்டி மட்டும்தான் இருந்துச்சு."

"இதுக்கு முன்னாடி ஏத்தியிருப்பீங்கல்ல சார்."

இதற்கு என்ன பதில் சொல்வது? நான் வாயை மூடிக்கொண்டேன்.

வண்டியை நம்ம ஊர்ப் பட்டறைக்கே இழுத்து வந்தோம். அங்கே இருக்கிற மெக்கானிக் அண்ணன் உடைந்த துண்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் கறுத்துத் துரு ஏறியிருந்தது. அந்தக் கறுப்புக்குள் உற்றுப் பார்த்தால் வெட்டின மரத்தில் தெரியும் வளையம் மாதிரி மெல்லிசாக வரிவரியாக ஓடியது. மிச்சம் இருந்த ஓரம் மட்டும் புது இரும்பு, சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக மின்னியது. "இது இன்னைக்கு உடைஞ்சது இல்லண்ணே. கொஞ்சம் கொஞ்சமா விரிசல் விட்டு, கடைசில பிடிச்சுக்கிட்டிருந்த ஓரமும் இன்னைக்கு விட்டுப்போச்சு. இடிச்சதால ஒடிஞ்சிருந்தா முகம் பூரா ஒரே மாதிரி வெளுத்து இருக்கும்" என்றார். பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு இதையேதான் சொல்வார்கள். இரும்பு களைத்துப்போய் முறிந்தால் முகம் ஒரு மாதிரி, ஒரே அடியில் முறிந்தால் வேறு மாதிரி.

மறுநாள் படம் எடுக்கலாம் என்று போனேன். துண்டு இல்லை. பட்டறைப் பையன் மற்ற தேய்ந்த சாமான்களோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டான். இருந்த ஒரே சாட்சி கிலோக் கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை சாட்சிகள் இப்படிப் போயிருக்கும்!

இந்தத் துண்டுக்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்று கேட்பவர்களுக்கு ஒரு வெளிநாட்டுக் கதை. பிக்கப் கதைதான்.

டொயோட்டாவின் ஹைலக்ஸ் குடும்பத்து வண்டிகளில் ஸ்டியரிங்கின் இரண்டு பக்கத்தையும் இணைக்கிற ரிலே ராடு என்று ஒன்று உண்டு. பழைய வண்டிகளில் அது விரிசல் விட்டு முறிந்தது. 1996-லேயே புதிதாகச் செய்யும் வண்டிகளுக்குக் கம்பெனி பலமான ராடு போட ஆரம்பித்துவிட்டது. ஏற்கெனவே ரோட்டில் ஓடிய வண்டிகளை, ராடை மாற்றித் தரத் திரும்ப அழைக்கவில்லை (ரீகால் செய்யவில்லை). 2004-ல் ஜப்பானில் குமமோட்டோ பக்கம் ஒரு ஹைலக்ஸ் சர்ஃப் ஸ்டியரிங் இழந்து எதிரே வந்த காரில் மோதி 5 பேர் காயம்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே ரீகால்.

அமெரிக்காவில் ஓடுகிற அதே வகைப் பிக்கப்புகளுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்ற கேள்வி வந்தபோது, அங்கே தேவையில்லை என்றது கம்பெனி. காரணம் என்ன தெரியுமா? ஜப்பானில் இடம் நெருக்கடி, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்துத் திருப்புகிறார்கள், அதனால்தான் ராடு களைத்துப் போகிறது. அமெரிக்காவில் அப்படி ஓட்டுவதில்லை. 2005-ல் வேறு வழியில்லாமல் அங்கேயும் கிட்டத்தட்ட 10 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அமெரிக்க வண்டிக்காரர்கள் அதற்கு முன்பே புகார் கொடுத்திருந்தது பின்னால் வெளியே வந்தது. ரீகாலைத் தாமதப்படுத்தியதற்காக 2010 டிசம்பரில் 1 கோடியே 60 லட்சம் டாலருக்கும் மேல் அபராதம் கட்டினார்கள்.

நின்ற இடத்தில் கடைசி வரை ஒடிப்பதுதான் இரும்பைக் களைப்பாக்கும் என்று கம்பெனியே சொல்கிறது. போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் எதிரே எஸ்டேட் ஜீப் வந்து நின்றால் நாம் என்ன செய்கிறோம்? லோடோடு நிறுத்தி, பின்னால் எடுத்து, முழுசாக ஒடித்து, மறுபடி முன்னால் எடுத்து, மறுபடி ஒடிக்கிறோம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று யார் எண்ணுவது? சமவெளி ஹைவேயில் ஓடும் வண்டியையும் இந்த ரோட்டில் ஓடும் வண்டியையும் ஒரே கணக்கில் வைத்து, இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று சர்வீஸ் புத்தகத்தில் அச்சடிப்பது சரியா?

அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் கிறைஸ்லர் கம்பெனி தன் பெரிய ராம் பிக்கப்புகளை 2013-ல் டை ராடு கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. அழைத்த பிறகும் வேலை ஒழுங்காக நடக்கவில்லை. 2015 ஜூலையில், 23 ரீகால்களைச் சொதப்பியதற்காக 10.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அதோடு, கோளாறு இன்னும் சரிசெய்யப்படாத பிக்கப்புகளைக் கம்பெனியே திரும்ப விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் ஒப்பந்தம். அந்தப் பட்டியலில் இருந்தவை 5 லட்சத்துக்கும் மேல். இவ்வளவும் நடந்தது, அங்கே புகார்கள் ஓரிடத்தில் சேர்ந்ததால்.

இங்கே சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஓட்டுகிறவருக்கோ ரோட்டில் போகிறவருக்கோ ஆபத்து தரும் கோளாறு இருந்தால், வண்டியைத் திரும்ப அழைக்கக் கம்பெனிக்கு அரசே உத்தரவு போடலாம். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் அந்த மாடலில் எத்தனை வண்டி விற்றதோ அதற்குத் தகுந்த எண்ணிக்கையில் புகார் சேர வேண்டும். புகாரை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிய வேண்டும். நம்ம பக்கம் பதிந்தவரை இதுவரை நான் பார்த்ததில்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை, வண்டிக்கு 7 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது. கம்பம், சின்னமனூர், போடியில் ஓடும் பிக்கப்புகளைப் பாருங்கள். பாதிக்குப் பாதி செகண்ட் ஹேண்ட், தேர்ட் ஹேண்ட். கோயம்புத்தூரிலோ எர்ணாகுளத்திலோ ஓடி முடித்துத்தான் இந்த மலைக்கு வருகின்றன. உழைத்து ஓயும் வயதில், மிக மோசமான ரோட்டுக்கு வரும்போது சட்டம் கையை விரித்துவிடுகிறது. அமெரிக்காவில் 15 வருஷம் வரை கோளாறை இலவசமாகச் சரிசெய்து கொடுக்க வேண்டும்.

கம்பெனிகள் தாங்களாகவே ரீகால் செய்வதும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2021 செப்டம்பரில் மஹிந்திரா ஒரு திரவக் குழாயை மாற்றுவதற்காக 29,878 பிக்கப்புகளைத் திரும்ப அழைத்தது. 2023 ஜூலையில் மாருதி, எஸ்-பிரெஸ்ஸோவும் ஈகோவும் சேர்த்து 87,599 வண்டிகளை அழைத்தது. காரணம், ஸ்டியரிங் டை ராடின் ஒரு பாகம் அபூர்வமாக முறியலாம் என்பது. ஈகோ நம்ம ஊரில் பால் கேனிலிருந்து கல்யாணப் பாத்திரம் வரை சுமக்கிற வண்டி. அப்போது எத்தனை ஈகோக்காரருக்கு இந்தச் சேதி வந்தது? கடிதமோ போனோ போவது கம்பெனியிடம் இருக்கும் முதல் ஓனரின் நம்பருக்கு. மூணாவது கை மாறி வாங்கியவருக்கு யார் சொல்வார்கள்?

இப்போது ஓவர் லோடு. கமெண்டில் வந்து கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் நானே எழுதிவிடுகிறேன். ஆமாம், ஏற்றுகிறோம். ஒன்றரை டன் வண்டியில் அதற்கு மேல் போகாத சந்தை நாள் இல்லை. பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டை வைத்து வண்டியைத் தூக்குகிறோம். பின்பக்கம் தூக்கினால் முன்பக்கம் குனியும், வீலின் சாய்மானக் கணக்கு மாறும், ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது குறையும், நேர் ரோட்டிலேயே வண்டி அலையும். டூப்ளிகேட் பால் ஜாயின்ட் (வீல் திரும்ப உதவும் உருண்டை மூட்டு) வாங்கிப் போடுகிறோம். நட்டு கழலாமல் பிடிக்கிற ஸ்பிளிட் பின் கிடைக்காவிட்டால் கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டு அனுப்புகிற பட்டறைகளும் இருக்கின்றன. இதெல்லாம் தப்புத்தான். லோடு கூடினால் பட்டை ஒடியும், பேரிங் போகும், பால் ஜாயின்ட் சீக்கிரம் தேயும்.

அதற்காக, முறிந்த துண்டைக் கையில்கூட எடுத்துப் பார்க்காமல் "ஓவர் லோடு" என்று எழுதிவிட முடியுமா? இரும்பில் குறை இருந்ததா, சூடேற்றிப் பதப்படுத்தியதில் குறையா, நட்டை முறுக்கியதில் குறையா, நம்ம லோடா என்பதைத் துண்டுதான் சொல்ல வேண்டும். விபத்து வண்டியைப் பார்க்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் "இயந்திரக் கோளாறால் ஏற்பட்ட விபத்து அல்ல" என்ற வரி வழக்கமாக வந்துவிடுகிறது. அந்த வரி விழுந்தால் பழி டிரைவர் தலையில். அஜாக்கிரதையாக ஓட்டியதற்கான பிரிவு முன்பு ஐ.பி.சி. 279, இப்போது பி.என்.எஸ். 281. உயிர் போயிருந்தால் 106. ஜெயிலுக்குப் போவதும் லைசென்ஸ் இழப்பதும் அவன்.

எஃப்.சி. கூத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். சரக்கு வண்டிக்கு 8 வயது வரை 2 வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருஷா வருஷம். எஃப்.சி. காட்டப் போகும் முன் வண்டிக்குப் பெயிண்ட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், அடியில் கறுப்பு பெயிண்ட். அந்தக் கறுப்புக்குக் கீழே கிழிந்த ரப்பரும் கசியும் கிரீஸும் எல்லாம் மறைந்துவிடுகின்றன. ஜாக்கி வைத்து முன் வீலைத் தூக்கி, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் பால் ஜாயின்டின் ஆட்டம் கைக்குத் தெரியும். ஒரு நிமிஷ வேலை. அதைச் செய்கிற இடங்கள் குறைவு. விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்குப் பொம்பளைகளை ஏற்றிப்போகிற வண்டிகளுக்காவது அதைக் கட்டாயம் ஆக்கக் கூடாதா? இரண்டு மாநில அதிகாரிகளும் செக்போஸ்டில் பேப்பரைத்தான் புரட்டுகிறார்கள். ஒருவராவது குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தால் போதும்.

சரி, நம்ம கையில் இருப்பது என்ன? ஸ்டியரிங்கில் ஆட்டம், திருப்பும்போது "டக்" என்ற சத்தம், டயரின் உள் ஓரம் மட்டும் தேய்வது, இவற்றில் ஏதாவது சொல்லி வண்டியை விட்டால் சர்வீஸ் சென்டரில் "ஜெனரல் செக்கப்" என்று எழுதுவார்கள். விடாதீர்கள். நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். பாகம் உடைந்து மாற்றினால் பழைய பாகம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். டீசலில் கழுவாதீர்கள், வயர் பிரஷ் போடாதீர்கள், உடைந்த இரண்டு முகத்தையும் ஒட்டிப் பார்க்காதீர்கள்; தேய்த்தால் வரிகள் அழிந்துவிடும். காய்ந்த துணியில் சுற்றி வையுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிட்டால் ஆய்வாளரிடம் அந்தத் துண்டைக் காட்டி, அதைப் பற்றி எழுதச் சொல்லி மனுக் கொடுங்கள்.

"கமர்ஷியல் வண்டி, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்று சில இடங்களில் பயமுறுத்துவார்கள். முழுசாக நம்பாதீர்கள். பிழைப்புக்காகச் சுயதொழிலாக வாங்கி ஓட்டுகிறவரை நுகர்வோராகவே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பார்க்கிறது. குறைபாடுள்ள பொருளால் வந்த சேதத்துக்கு, செய்தவனே பொறுப்பு என்று அதே சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது.

கம்பம், கூடலூர், போடி, குமுளி, நெடுங்கண்டம் பக்கத்து வண்டிக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் உடைந்த டை ராடோ, பால் ஜாயின்டோ, டிராக் லிங்கோ, மெயின் பட்டையோ இருந்தால் முறிந்த முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்திலிருந்து படமெடுத்து கமெண்டில் போடுங்கள். வண்டி மாடல், எந்த வருஷத்து வண்டி, ஓடின கிலோமீட்டர், அன்றைக்கு லோடு இருந்ததா, கம்பெனிப் பாகமா வெளிப் பாகமா, இதை எழுதுங்கள். வண்டி நம்பர் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலில் ஒரே இடத்தில் முறிந்தவை நாலைந்து சேர்ந்தால், அந்த வண்டிக்காரர்களோடு உட்கார்ந்து பரிவாகனில் புகார் பதிந்து தருவது என் வேலை. மலையாளத்தில் எழுதுகிறவர்களும் எழுதலாம், எனக்குப் படிக்கத் தெரியும்.