பெண்களுக்கு மட்டும் ஏன் "அப்புறம்"?

மகள் கல்லூரியில் மல்யுத்தம் பழக ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. சின்னக் கல்லூரிதான். பையன்களுக்கு அணி இருக்கிறது, பெண்களுக்கு இல்லை. கேட்டால், "மூன்று பேர்தானே இருக்கிறார்கள், ஆள் சேரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். அணியே இல்லாத விளையாட்டில் எந்தப் பெண் வந்து சேருவாள்?

மல்யுத்தத்தில் பக்கத்து எடையில் ஓர் ஆள் இல்லாமல் பழக முடியாது. 50 கிலோ இருக்கும் என் மகள், காலைப் பிடித்துச் சாய்க்கும் பிடியை 65 கிலோ பையனிடம் பழகுகிறாள். அவன் நல்ல பிள்ளை, பார்த்துத்தான் பிடிக்கிறான். ஆனாலும் பாதி நேரம் அவன் பாரத்தைத் தாங்குவதிலேயே போய்விடுகிறது.

செலவைக் காரணம் சொல்லவே முடியாது. மைதானம் வேண்டாம், நீச்சல் குளம் வேண்டாம். ஒரே விரிப்பு, ஒரே பயிற்றுநர், இரண்டு அணிக்கும் போதும். அமெரிக்காவில் இதைச் சின்னக் கல்லூரிகள் முன்பே புரிந்துகொண்டன. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மோரிஸ் வளாகம் 1993-லேயே பெண்களுக்கு அணி அமைத்தது. 1972-ல் கல்வியில் பாலினச் சமத்துவச் சட்டம் வந்த பிறகு, அங்கே எத்தனையோ கல்லூரிகள் ஆண்கள் மல்யுத்த அணியைக் கலைத்துவிட்டு, "பெண்களுக்கும் சமமாக இடம் கொடுக்க வேண்டுமே" என்று பழியை அந்தச் சட்டத்தின் மேல் போட்டன. இப்போது அதே விளையாட்டைப் பெண்கள் வளர்க்கிறார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு மகளிர் மல்யுத்தத்துக்குத் தனி சாம்பியன்ஷிப் கொடுக்க ஒப்புக்கொண்டது.

நம் சிங்கப்பூருக்கும் கோதா புதிதல்ல. அந்தக் காலத்து கிரேட் வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் மல்லர்கள் தாரா சிங், கிங்காங் என்று அப்பா இன்னமும் கண்கள் விரியப் பேசுவார். பேத்தி என்றதும்தான் தயங்கினார். இந்திய வீராங்கனை சாக்‌ஷி மாலிக் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய போட்டியைப் போட்டுக் காட்டினேன். இப்போது தொலைபேசியில் முதல் கேள்வியே பயிற்சி எப்படிப் போகிறது என்பதுதான்.

சொந்தக்காரர்கள் காது வீங்கிவிடும், கல்யாணம் தள்ளிப்போகும், அந்த உடை சரியில்லை என்கிறார்கள். எனக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. எனக்குப் பயம் எடையைக் குறைப்பதில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் வினேஷ் போகாட் 100 கிராம் கூடிப்போய் இறுதிப் போட்டியை இழந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். 1997 கடைசியில் அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் மூன்று பேர் எடை குறைக்கப் போய் இறந்தே போனார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே வியர்த்து எடை குறையப் பயன்படுத்தும் ரப்பர் உடையையும் நீராவி அறையையும் தடை செய்தார்கள், ஒவ்வொருவரும் எந்த எடைக்குக் கீழே போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள்.

போன மாதம் என் மகள் இரண்டு நாள் இரவுச் சோறு சாப்பிடவில்லை. கைப்பேசியில் ஏதோ காணொளி பார்த்துவிட்டு அவளாகவே எடை குறைக்கக் கிளம்பியிருக்கிறாள். பையன்களின் எடையைப் பயிற்றுநர் வாரா வாரம் குறித்து வைக்கிறார். இவள் அணியில் இல்லை, அதனால் அந்தப் பட்டியலிலும் இல்லை. எனக்குத் தூக்கம் போனது அன்றுதான்.

சரி, ஆள்தான் கேட்கிறார்கள் என்றால் ஆள் தேடுவோம். அந்தக் கல்லூரியில் உங்கள் மகளோ தங்கையோ படித்தால், ஒரு நாள் பயிற்சிக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். முன் அனுபவம் வேண்டாம். 50 கிலோவுக்குப் பக்கத்தில் இருந்தால் என் மகள் வாசலிலேயே வந்து நிற்பாள்.