இவனுக்கு மட்டும் ஏன் இந்தத் தலையெழுத்து?

கொரியத் தொடர்களில் இரண்டாவது நாயகனாகப் பிறந்தவன் அப்படி என்ன பாவம் செய்தான்? 2020-இல் வந்த ‘ஸ்டார்ட்-அப்’பையே எடுங்கள். நாயகி டால்மிக்கு ஆறுதலாக அத்தனை கடிதங்களையும் எழுதியவன் ஜிப்யோங். அவள் பாட்டி கேட்டுக்கொண்டதால் டோசான் என்ற வேறொருவன் பெயரில் எழுதினான். கடைசியில் கல்யாணம் யாரோடு? அந்த நிஜ டோசானோடு! ‘ரிப்ளை 1988’ இன்னும் மோசம். நெரிசலான பேருந்தில் நாயகி டோக்சன் மேல் யாரும் இடிக்காமல், கை நரம்பு புடைக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றானே ஜங்ஹ்வான், அது காதல் இல்லையா? அவளைத் தேடிக் காரில் வரும்போது சிக்னல் சிவப்பாம், அதற்குள் அவளை விரும்பும் இன்னொருவன் டேக் முந்திக்கொள்வானாம். ஒரு சிவப்பு விளக்கா ஒருவன் வாழ்க்கையைத் தீர்மானிப்பது? மழையில் குடை பிடிக்க இவன் வேண்டும், அழுதால் தோள் கொடுக்க இவன் வேண்டும். வாரக்கணக்கில் இவனை நமக்குப் பிடிக்க வைத்துவிட்டு, கடைசியில் ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள். வயிறு எரிகிறது!